ரெண்டு லொறி வைச்சிருக்கிற ஆக்களுக்கு இந்த ஏஐ, பிளொக்செயின் எல்லாம் எதுக்கு? வாழைச்சேனையில இருந்து ஒரு பதில்

தம்பி, நீங்க எழுதினத முதல்ல ஒருக்காச் சுருக்கமாச் சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். உங்கட வாப்பாட்ட ரெண்டு லொறி, ஒண்டு பிரீசர் லொறி, வாழைச்சேனை ஹாபர்ல இருந்து பேலியகொடை மீன் மார்க்கெட்டுக்கு ஓடுது, மற்றது ஓட்டமாவடி மில்லுகள்ல இருந்து கொழும்புக்கு அரிசி ஏத்துது. நீங்க லொஜிஸ்டிக்ஸ் டிப்ளோமா படிக்கிறீங்க, அங்க ஏஐ, பிளொக்செயின், ரோபோ, ட்ரோன் எண்டு படிப்பிக்கிறாங்க, வீட்டுக்கு வந்து சொன்னா வாப்பா "அது கொழும்புக் கொம்பனிக்காரர்ர வேலை, நமக்குச் சரிவராது" எண்டுறார். கையில மூண்டு லட்சம் இருக்கு, அத எதில போடுறது, நீங்க எதப் படிக்கிறது எண்டதுதான் கேள்வி.

நான் 11 வருசம் கொழும்பில ஒரு கிளியரிங் கொம்பனியில, அதாவது சுங்கத்தில இருந்து சாமான விடுவிச்சுக் குடுக்கிற கொம்பனியில, வேலை செஞ்சனான், மறுகா ஊருக்கு வந்து இப்ப 9 வருசமா ஹாபர்ல இருந்து போற மீன் லோடுகளப் பார்க்கிறன். ரெண்டு பக்கமும் நிண்டு பார்த்ததால சொல்லுறன், ரோபோ, ட்ரோன் விசயத்தில வாப்பா சரி, ஆனா மீன் லொறி விசயத்தில அவர் சொல்லுறது பிழை, அதுவும் இந்த ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள காசில தெரியிற பிழை. இந்தத் தொழில்ல வந்த ரெக்னோலொஜி எதை எடுத்தாலும் நான் ஒண்டுதான் பார்ப்பன்: சாமான் போய்ச் சேர முந்தி சாமானப் பத்தின செய்தி போய்ச் சேருதா, அந்தச் செய்திய மற்றவன் நம்புறானா. அது நடந்தா வாங்கலாம், இல்லாட்டி அது எவ்வளவு பெரிய பேர் எண்டாலும் நமக்கு வேணாம்.

மீன்ல இருந்தே தொடங்குவம். சில வருசத்துக்கு முந்தி சூரை லோடு ஒண்டு ஏற்றுமதி செய்யிற ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினம். லொறி பெட்டிக்கு வெளியில இருக்கிற டிஸ்பிளேயில ராத்திரி முழுக்க 2 பாகை காட்டினது, ட்றைவரும் பார்த்துப் பார்த்துத்தான் ஓடினவர், ஆனா அங்க கேட்டில வைச்சு அடித்தட்டுப் பெட்டி மீனுக்க ஊசி வெப்பமானியக் குத்தினா 9 பாகை. கிட்டத்தட்ட அரைவாசி லோடத் திருப்பிட்டாங்க. போட்காரர் சொல்லுறார் நான் நல்ல ஐஸில தந்தனான் எண்டு, ஏத்தின ஆக்கள் சொல்லுறாங்க நாங்க சுணங்கல்ல எண்டு, லொறிக்காரர் சொல்லுறார் என்ட மெசின் 2 பாகை எண்டு, ஆருட்டயும் ஒரு துண்டுக் கடதாசி இல்ல. கடைசியில நட்டத்த ஏத்தி அனுப்பின நாங்கதான் தாங்கினம்.

அண்டைக்கு எனக்கு விளங்கின விசயம் ரெண்டு. ஒண்டு, பிரீசர் லொறியில இருக்கிற மெசின் சூடான மீனக் குளிராக்கிறதுக்குச் செய்தது இல்ல, ஏற்கனவே குளிர்ந்த மீன அப்படியே வைச்சிருக்கத்தான் அது. ஜெட்டியில வெயிலுக்க ஒரு மணித்தியாலம் கிடந்த மீன ஏத்திட்டுக் கதவ மூடினா பெட்டிக்குள்ள காத்து குளிரும், மீனுட நடுச்சதை குளிராது. ரெண்டாவது, அந்த டிஸ்பிளே காட்டுறது காத்துட வெப்பநிலை, மீனுட வெப்பநிலை இல்ல. இது சூரைக்கு ஏன் இவ்வளவு முக்கியம் எண்டா, அந்த இனத்து மீன் 4 பாகைக்கு மேல கொஞ்ச நேரம் நிண்டா பக்டீரியா வேலை செஞ்சு ஹிஸ்டமின் எண்டுற சாமான் உண்டாகும், உண்டானா மறுகா ஃப்ரீஸ் பண்ணினாலும் போகாது, சமைச்சாலும் போகாது, திண்ட ஆளுக்கு உடம்பெல்லாம் தடிச்சு முகம் சிவந்து நெஞ்சு அடிக்கும். ஐரோப்பாவில ஒரு தொகுதியில 9 மாதிரி எடுத்துப் பார்க்கிறாங்க, சராசரி ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமத் தாண்டப்படாது. மீனப் பார்த்தா தெரியாது, மணந்தாலும் தெரியாது, நல்ல செவுளும் நல்ல கண்ணும் இருக்கிற மீன்லயும் அது இருக்கலாம்.

அதனால உங்கட முதல் காச டேட்டா லொக்கர்ல போடுங்க. கைக்குள்ள அடங்கிற சின்னச் சாமான், சில ஆக்கள் சொல்லுற மாதிரி பெரிய சிஸ்டம் ஒண்டும் இல்ல, 10 நிமிசத்துக்கு ஒருக்கா வெப்பநிலையப் பதிஞ்சு வைக்கும், இறக்கின இடத்தில கொம்பியூட்டர்ல செருகினா கிராஃப் வரும், அதுல ஆரும் பேனையால திருத்த ஏலாது. ரெண்டு வாங்குங்க, ஒண்டு கதவுப் பக்கம் அடித்தட்டில மீனோட ஐஸுக்க, மற்றது மேல மெசினுக்குத் தூரமா. ஊசி வெப்பமானி ஒண்டும் வாங்குங்க, ஏத்தைக்குள்ள அஞ்சாறு மீனுட நடுவில குத்திப் பார்த்து பில்லுட பின்பக்கத்தில எழுதி போட்காரர்ர கையெழுத்த எடுங்க. வெப்பமானி சரியா எண்டு பார்க்கிறதுக்கு ஒருத்தரையும் தேடிப் போகத் தேவல்ல, நுணுக்கின ஐஸ ஒரு கிளாசில நிரப்பி ஒள்ளம் தண்ணி விட்டுக் கலக்கி ஊசிய விட்டா 0 பாகை காட்டணும், அரைப்பாகைக்கு மேல விலத்திக் காட்டினா அத நம்பாதீங்க. நாங்க இதத் தொடங்கின பிறகு ஜெட்டியில லோட் நிக்கிற நேரத்திலதான் எங்கட மீன் கெடுது எண்டு கிராஃப்ல அப்படியே தெரிஞ்சுது, றோட்டில ஒண்டும் நடக்கல்ல. ஐஸ் முந்தி வந்திருக்கணும், அதுக்குப் பிறகுதான் லொறி வந்திருக்கணும், அவ்வளவுதான் மாத்தினது.

இப்ப ஹாபர்ல நிக்கிற மல்டிடே போட்டுகள, அதாவது பல நாள் கடல்ல நிண்டு பிடிக்கிற போட்டுகளப் பார்த்திருப்பீங்க, மேல ஒரு வெள்ளைக் குமிழ் மாதிரி இருக்கும், அதுதான் விஎம்எஸ், போட் எங்க நிக்குது எண்டு சட்டலைட் வழியா மீன்பிடித் திணைக்களத்துக்குச் சொல்லுற கருவி. அது சும்மா வந்ததில்ல. ஆழ்கடல்ல எங்கட போட்டுகள் எங்க பிடிக்குது எண்டு கண்காணிக்க ஒழுங்கான முறை இல்ல எண்டதும் ஒரு காரணமா வைச்சுத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில இருந்து இலங்கை மீனத் தடை செஞ்சுது, 2016 நடுப்பகுதியிலதான் அது நீங்கிச்சு. அந்த இடைக்காலத்தில சூரை விலை என்ன பாடுபட்டது எண்டு உங்கட வாப்பாட்டக் கேளுங்க, அவருக்கு மறந்திருக்காது. அதாவது மீன் நல்ல மீன், பிடிச்சவன் நல்ல மனிசன், ஆனா எங்க பிடிச்சது எண்டு காட்டத் தெரியல்ல, அதுக்காக ஒரு நாட்டுட சந்தையே மூடிச்சு. இப்ப அது இன்னும் இறுகுது, 2026 ஜனவரி 10ல இருந்து ஐரோப்பாவுக்க மீன் எடுக்கிற கொம்பனிகள் பிடிச்ச மீனுக்கான சான்றிதழ கட்ச் எண்டுற ஒன்லைன் முறையிலதான் போடணும். அமெரிக்காவிலயும் மீன் உட்பட ஒரு பட்டியல் சாப்பாட்டுச் சாமானுக்கு ஒவ்வொரு கை மாறைக்குள்ளயும் பதிவு இருக்கணும் எண்டு சட்டம் வருது, 2026 ஜனவரி எண்டு இருந்தத 2028 நடுப்பகுதிக்குத் தள்ளியிருக்காங்க. போட்டில இருந்து தொழிற்சாலைக்குப் போற அந்த 300 கிலோமீற்றர்ல சாமான் ஆருட கையில இருக்கு? உங்கட வாப்பாட கையில. பதிவு இல்லாத லொறிக்கு ஏற்றுமதி லோட் குடுக்கிறத தொழிற்சாலைக்காரர் கொஞ்சம் கொஞ்சமா நிப்பாட்டுவாங்க எண்டதுதான் என்ட கணிப்பு.

ஜிபிஎஸ் கதைக்கு வாறன். ரெண்டு லொறிக்கும் போடுங்க, ஆனா வாங்க முந்தி கேக்க வேண்டிய கேள்வி "அப் வடிவா இருக்கா" எண்டதில்ல. சிக்னல் இல்லாத இடத்தில பதிஞ்சு வைச்சு சிக்னல் வந்த உடன அனுப்புமா, லொறி பட்டரியக் கழட்டினா உள்ள வேற பட்டரி இருக்கா, கதவு திறந்ததக் காட்டுமா, ஒரு மாசத்து விவரத்த எக்செல் பைலா இறக்க ஏலுமா, இந்த நாலையும் கேளுங்க. கடைசிக் கேள்விக்கு இழுத்தடிச்சு மறுமொழி சொல்லுற ஆளிட்ட வாங்காதீங்க, உங்கட லொறிட கணக்க உங்களுக்கே தராத ஒரு பெட்டிக்கு மாசாமாசம் காசு கட்டி என்ன பிரயோசனம், நானும் ஒரு கொம்பனியிட்ட அப்படி ரெண்டு வருசம் கட்டி ஏமாந்தனான்.

இன்னொண்டு, இதப் போட முந்தி ட்றைவரோட இருந்து கதையுங்க. புணாணை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டி, ஹபரணை எண்டு ராத்திரியில ஓடுற மனிசன், யானை குறுக்க நிண்டா அரை மணித்தியாலம் லைட்ட நூத்துட்டு நிக்க வேண்டி வரும், மாரியில மகாவலி பெருகினா மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டே தண்ணிக்க போகும். அங்க நிண்டதுக்கு விடிய போன் எடுத்து "ஏன் 40 நிமிசம் நிண்டாய்" எண்டு அதட்டினா அவர் அடுத்த கிழமை வயரக் கழட்டுவார், இல்லாட்டி அந்த 40 நிமிசத்தப் பிடிக்க வேகமா ஓடுவார், ரெண்டாவதுதான் பயம். பேலியகொடையில இறக்கிற ஆளுக்கு லொறி எங்க வருது எண்டு லிங்க அனுப்பி வைச்சா, ட்றைவருக்கு நடு ராத்திரியில பத்துப் போன் வராது, நிம்மதியா ஓடுவார். அந்த லிங்க்தான் ஜிபிஎஸ்ஸுட உண்மையான பிரயோசனம் எண்டு நான் நினைக்கிறன், எரிபொருள் கணக்கு, வேகக் கணக்கு எல்லாம் பிறகு.

க்யூஆர் பத்தி உங்களுக்குச் சொல்லித்தரத் தேவல்ல, 2022ல டீசலுக்கு லைன்ல நிண்ட எல்லாருக்கும் அது தெரியும். வாகன நம்பருக்கு ஒரு கோட், கிழமைக்கு இவ்வளவு லீற்றர், ஸ்கேன் பண்ணினா மிச்சம் தெரியும். நாள்க்கணக்கா நிண்ட லைன் கிழமைக்கணக்கில குறைஞ்சுது, எழுதப் படிக்கத் தெரியாத மீன் வியாபாரியும் போன்ல கோட்ட வைச்சுக்கொண்டு வந்தார். நம்மட ஊர்ச் சனத்துக்கு ரெக்னோலொஜி சரிவராது எண்டு ஆரும் சொன்னா நான் அந்த 2022 ஓகஸ்ட் மாசத்தத்தான் காட்டுவன். நிறையப் பேருக்குத் தெரியாதது, க்யூஆர் கோட் பிறந்ததே சப்ளை செயினுக்காகத்தான், 1994ல ஜப்பான்ல டென்சோ வேவ் எண்டுற கொம்பனி கார் உதிரிப்பாகங்களக் கணக்கு வைக்கத்தான் அதச் செஞ்சுது. இப்ப கடையில பீப் எண்டு அடிக்கிற கோடு கோடான பார்கோட் 1974ல அமெரிக்காவில ஒரு சூயிங்கம் பக்கெட்டில தொடங்கினது, இலங்கையில பதிஞ்ச நம்பர் எண்டா 479ல தொடங்கும், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில 2027 முடியிறதுக்குள்ள உலகம் முழுக்கக் கடைகள் க்யூஆர் மாதிரிக் கோடயும் வாசிக்கத் தயாராகணும் எண்டு, பார்கோட் நம்பர்களக் குடுக்கிற ஜிஎஸ்1 அமைப்பு வேலை செய்யுது. அதுக்குள்ள தொகுதி நம்பர், முடிவுத் திகதி எல்லாம் அடங்கும். ஓட்டமாவடி மில்காரங்களுக்கு இது நல்ல விசயம், அரிசி மூடையில ஒரு கோட் அடிச்சா எந்த வயல் பக்கத்து நெல்லு, எப்ப குத்தினது, ஈரப்பதன் 14 வீதத்துக்குள்ள இருந்ததா எண்டு கொழும்புக் கடைக்காரன் பார்க்கலாம், கீரிச்சம்பா எண்டு சொல்லி வேற அரிசி கலக்கிற ஆக்களுக்கும் கொஞ்சம் பயம் வரும்.

பிளொக்செயின் எண்டா கன கொம்பனிகள் சேந்து எழுதுற, எழுதினத மறுகா ஒருத்தரும் அழிக்க ஏலாத ஒரு கொம்பியூட்டர் கணக்குப் புத்தகம். உங்கட விரிவுரையாளர் சொன்ன மாம்பழக் கதை உண்மைதான், வோல்மார்ட்டும் ஐபிஎம்மும் சேந்து வெட்டின மாம்பழப் பக்கெட் ஒண்டு எந்தத் தோட்டத்தில இருந்து வந்தது எண்டு தேடினா முந்தி 6 நாள் 18 மணித்தியாலம் போனது, புது முறையில 2.2 செக்கன்ல வந்தது. ஆனா மற்றக் கதையையும் சேத்துப் படியுங்க. மேர்ஸ்க் எண்டுற கப்பல் கொம்பனியும் ஐபிஎம்மும் 2018ல ட்ரேட்லென்ஸ் எண்டு கப்பல் ஆவணங்களுக்கு ஒரு பெரிய தளம் தொடங்கினாங்க, 2022 நவம்பர்ல மூடப்போறம் எண்டு அறிவிச்சாங்க. ரெக்னோலொஜி வேலை செய்யாததால இல்ல, மற்றக் கொம்பனிகள் எல்லாம் முழு மனசோட சேராததால. போட்டியாளன் நடத்துற கணக்குப் புத்தகத்தில தன்ட கணக்க எழுத ஆருக்கு மனம் வரும், நம்மட ஹாபர்ல ஒரு முதலாளிட கொப்பியில மற்ற முதலாளி எழுதுவாரா? அதோட ஜெட்டியில நிறுக்கிறவன் 60 கிலோவ 50 எண்டு அடிச்சா, பிளொக்செயின் அந்த 50அ அழியாமப் பாதுகாக்கும், அவ்வளவுதான். முதல்ல எழுதுறது சரியா இருக்கணும். ரெண்டு லொறிக்கு இது வேணாம்.

ஏஐ பத்திக் கொஞ்சம் கூடக் கதைக்கணும், ஏனெண்டா இது உங்கட தலைமுறைக்கு உண்மையா வேலைக்கு வாற சாமான். கடைகளுக்கு அரிசி பிரிச்சுப் போடுற வேலையப் பாருங்க, 10 கடை எண்டா எந்த ஒழுங்கில போறது எண்டதுக்கு 36,28,800 விதம் இருக்கு. ட்றைவர் தன்ட அனுபவத்தில நல்ல ஒண்டக் கண்டுபிடிப்பார், ஆனா இண்டைக்கு மூண்டு கடை மாறினா அவருக்கும் குழம்பும். இது புதுக் கணக்கில்ல, 1959லயே பெற்றோல் லொறிகளுக்கு டன்சிக், றம்சர் எண்டு ரெண்டு பேர் கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதிட்டாங்க, இப்ப அந்தக் கணக்கு போனுக்க வந்திருக்கு. அதுக்கு வேண்டிய முதல் சாமான் சரியான இடம். ஓட்டமாவடி, மீராவோடை, காவத்தமுனைப் பக்கம் வீட்டு நம்பரா இருக்கு, "பள்ளிக்குப் பின்னால மூண்டாவது ஒழுங்கை" எண்டுதானே விலாசம். அதால ஒவ்வொரு கடைக்கும் போய் நிக்கைக்குள்ள வட்ஸ்அப்ல லொகேஷன எடுத்து ஒரு எக்செல்ல சேமிச்சு வையுங்க, கதவடி எது, லொறி திருப்ப இடம் இருக்கா, எத்தனை மணிக்குத் திறப்பாங்க எண்டும் எழுதுங்க. அந்த ஒரு பைல் இல்லாம எந்த ஏஐயும் உங்கட ஊருக்க பாதை போடாது, அது உங்களிட்ட இருந்தா நாளைக்கு கொழும்புக் கூரியர் கொம்பனி ஒண்டு உங்களத் தேடி வரும்.

சாமானுக்கு எவ்வளவு தேவை வரும் எண்டு முன்கூட்டியே கணிக்கிற ஏஐ எண்டு விக்கிற சொஃப்ட்வெயர்கள்ல ஒரு இடத்தில கவனம். கன பேர் போன வருசம் இதே மாசம் எவ்வளவு வித்தது எண்டு பார்த்துத்தான் கணிக்கிறாங்க. நம்மட பக்கம் ஈத்தம்பழம், பால்மா, கஞ்சிக்கு அரிசி எல்லாம் நோன்போட நகருது, நோன்பு ஒவ்வொரு வருசமும் 10, 11 நாள் முன்னுக்கு வருது, 2030ல ஒரே வருசத்துக்க ரெண்டு தரம் நோன்பு தொடங்கும். அத சொஃப்ட்வெயருக்குச் சொல்லிக் குடுக்காட்டி அது மார்ச் மாசத்துக்கு லோட் போடு எண்டு சொல்லும், அங்க பெருநாளே முடிஞ்சிருக்கும். அதே மாதிரிப் பெரும்போக அறுவடை எப்ப வரும் எண்டது மழை எப்ப விட்டது எண்டதில இருக்கு, கலண்டர்ல இல்ல. இதச் சொல்லிக் குடுக்க ஏலுமான ஆள் நீங்கதான், கொழும்பில ஏசி ரூமுக்க இருக்கிற ஆளுக்கு இது தெரியாது. பால்மாத் தட்டுப்பாட்டு நேரம் பார்த்திருப்பீங்க, ஒரு வீடு ஒரு பக்கெட் கூட வாங்கும், கடைக்காரர் அதப் பார்த்து ஒரு பெட்டி கூடக் கேப்பார், மொத்த வியாபாரி ஒரு லொறி கூடக் கேப்பார், கடைசியில எவ்வளவு உண்மையான தேவை எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்கட பாடத்தில வாற புல்விப் எண்டுறது அதுதான்.

ரோபோவ நான் கெதியா முடிக்கிறன். அமேசன் 2012ல கீவா எண்டுற ரோபோக் கொம்பனிய 775 மில்லியன் டொலருக்கு வாங்கினது, அங்க ஆள் கூலிக்கும் லட்சக்கணக்கான பார்சலுக்கும் அது கட்டும். ருவாண்டாவில ட்ரோன்ல ரத்தம் அனுப்புறாங்க, 2016ல இருந்து, மலை நாடு, உயிர் காக்கிற சாமான், பாரம் குறைவு, அதால சரி, சூரைக்குச் சரிவராது. ஆனா துறைமுகத்தத் தள்ளி விடாதீங்க. 2025 ஏப்ரல்ல கொழும்பு மேற்கு முனையம் வேலை தொடங்கினது, முழுக்கத் தானியங்கி முறையில கட்டினது, கிரேன ஓட்டுறதுக்கு மேல ஏறி இருக்கத் தேவல்ல, ரூமுக்க திரைக்கு முன்னால இருந்து பார்ப்பாங்க. அங்க இனி வேலைக்கு எடுக்கிறது அந்தத் திரையில வாறதப் படிச்சு ஒரு முடிவு சொல்லுற ஆக்களத்தான். 2023 கடைசியில செங்கடல்ல தாக்குதல் தொடங்கி கப்பலெல்லாம் ஆபிரிக்காவச் சுத்திப் போனபோது, எந்தக் கப்பல் எத்தனை நாள் சுணங்கும் எண்டு முந்திச் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு இருந்த மதிப்ப என்னோட வேலை செஞ்ச பழைய ஆக்கள் இண்டைக்கும் சொல்லுவாங்க.

படிப்பு எண்டு கேட்டீங்க. எக்செல்ல பிவட், அதாவது பெரிய பட்டியலத் தொகுத்துக் கூட்டிக் காட்டுற அட்டவணை, வரைக்கும் நல்லாப் படியுங்க, மறுகா எஸ்கியூஎல் எண்டுற டேட்டாபேஸ் மொழி, சுங்கத்தில சாமான் விவரம் பதியப் பாவிக்கிற அசிகியூடா எண்டுற கொம்பியூட்டர் முறை எப்படி ஓடுது எண்டு ஒரு கிளியரிங் ஆபீசில மூண்டு மாசம் சம்பளம் இல்லாட்டியும் நிண்டு பாருங்க. சிங்களம் கதைக்கப் படியுங்க, பேலியகொடையிலயும் தம்புள்ளயிலயும் அது இல்லாம தகவல் எடுக்க ஏலாது. தம்புள்ளை எண்டதும் ஞாபகம் வருது, 2011 கடைசியில மரக்கறிய சாக்கில கொண்டு போகப்படாது, பிளாஸ்டிக் கூடையிலதான் எண்டு அரசாங்கம் சட்டம் போட்டது, நல்ல யோசனை, நம்ம நாட்டில மரக்கறி, பழத்தில 30, 40 வீதம் வழியிலயே வீணாகுது எண்டுதானே கணக்குச் சொல்லுறாங்க. ஆனா வெறுங்கூடையத் திருப்பிக் கொண்டு வாற செலவு ஆருக்கு, லொறியில இடம் குறையுதே அந்த நட்டம் ஆருக்கு எண்டு ஒருத்தரும் கணக்குப் பார்க்கல்ல, வியாபாரிகளும் விவசாயிகளும் றோட்டுக்கு இறங்கினாங்க, சட்டம் பின்வாங்கிச்சு. நீங்க நாளைக்கு எந்தக் கொம்பனியில இருந்து என்ன முறையக் கொண்டு வந்தாலும், வெறுங்கூடைய ஆர் திருப்பிக் கொண்டு வாறது எண்டத முதல்ல கேளுங்க.

வாப்பாட்ட நேர ரெக்னோலொஜி எண்டு கதைக்காதீங்க. லொக்கர் ரெண்டும் ஊசி வெப்பமானியும் ஜிபிஎஸ் ரெண்டும் வாங்கினாலும் உங்கட காசில பாதி கூட முடியாது, மிச்சத்த லொறிட கதவு ரப்பர் மாத்த வையுங்க, பழைய பிரீசர் லொறியில குளிர் போறது கன தரம் அங்காலதான். அடுத்த மூண்டு நடைக்கும் லொக்கரப் போட்டு அனுப்புங்க, ஏத்தத் தொடங்கின நேரம், கதவு மூடின நேரம், இறக்கின நேரம் மூண்டையும் ட்றைவரிட்டக் கேட்டு கிராஃப்ல குறிச்சு எனக்கு அனுப்பி விடுங்க. எந்த இடத்தில கோடு ஏறுது எண்டு பார்த்துச் சொல்லுறன், அத வாப்பாக்கு முன்னால வைச்சு நீங்க ரெண்டு பேரும் இருந்து கதையுங்க.